கரண்ட் வந்ததும் வரும் சந்தோஷம் பத்து நிமிடத்தில் எங்கே போகிறது?

மே மாதப் பிற்பகல். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. விசிறிக் கொண்டிருந்த நோட்டுப் புத்தகமும் கையும் ஓய்ந்துவிட்டன. திடீரென்று மின்விசிறி ஒரு முனகலோடு அசைந்து, மெல்ல வேகம் பிடிக்கிறது. வியர்த்த கழுத்தில் முதல் காற்று படும்போதே தெருவில் நாலு வீட்டிலிருந்து "வந்துடுச்சு!" என்று குரல் எழுகிறது. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கூச்சல் இன்னும் காதில் இருக்கும். அந்த நேரத்தில் மின்விசிறிக் காற்றைவிடப் பெரிய சுகம் உலகில் வேறு கிடையாது.

பத்து நிமிடம் கழித்து அதே மின்விசிறி அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் அதை யாரும் கவனிப்பதில்லை. சுகம் போய்விட்டது என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றியும் நன்றியுணர்வைப் பற்றியும் பேச வேண்டுமானால் இந்தப் பத்து நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். "இப்போதெல்லாம் எதுவும் முன்ன மாதிரி இல்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் வாழ்க்கையில் இனிமை குறைந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இனிமை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மனம் அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். நிறுத்தியதை மறுபடி தொடங்க வைக்க முடியும். அதற்குப் பணமோ பெரிய ஓய்வோ தேவையில்லை. ஆனால் முதலில் மனம் ஏன் இப்படிச் செய்கிறது என்று புரிய வேண்டும்.

பழகிப்போதல்

காலையில் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் அதன் வாசனை தெரியாமல் போய்விடும். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருபவருக்கோ குப்பென்று தெரியும். பூ வாடவில்லை. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் ஒரு வாசனையைப் பற்றி மூக்கும் மூளையும் மீண்டும் மீண்டும் செய்தி அனுப்புவதில்லை. அதில் ஒரு நன்மையும் உண்டு. பழைய வாசனை ஒதுங்கியதால்தான் அடுப்பில் பால் தீய்வதும் கேஸ் கசிவதும் உடனே தெரிகிறது. புதியதைக் கவனிக்க, பழகியதை ஓரம்கட்டுவது உடலின் வேலைமுறை.

இன்பங்களுக்கும் இதுதான் நடக்கிறது. 1990-களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது அவை பலமாகத் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது தனியாக எதுவும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டாலோ, துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அதாவது இந்த நரம்பணுக்கள் இன்பத்தை அளப்பவை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை அறிவிக்கின்றன.

நம் வீட்டுக் காலைக் காபியை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். தினமும் ஆறரைக்கு வருகிறது, எதிர்பார்த்தபடியே வருகிறது. வந்தால் மனம் எதையும் குறித்துக்கொள்வதில்லை. ஒருநாள் பால் திரிந்துபோய் காபி இல்லையென்றால் மட்டும் அன்று முழுக்க அது குறித்தே பேச்சு.

உளவியலில் இதற்கு ஹெடோனிக் அடாப்டேஷன் என்று பெயர். நாம் 'பழகிப்போதல்' என்றே வைத்துக்கொள்ளலாம். பிலிப் பிரிக்மன், டொனால்டு கேம்ப்பெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1971-ல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 1978-ல் பிரிக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஓர் ஆய்வு மிகவும் பிரபலம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேரையும், பரிசு விழாத 22 பேரையும், விபத்தில் உடல் இயக்கம் இழந்த 29 பேரையும் விசாரித்தார்கள். லாட்டரி விழுந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சந்தோஷமாக இல்லை என்பது அதில் வந்த ஒரு முடிவு.

இந்த ஆய்வை மேடைகளில் அடிக்கடி தவறாகச் சொல்கிறார்கள். விபத்தில் பாதிக்கப்பட்டவர்களும் லாட்டரி விழுந்தவர்களும் ஒரே அளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்பார்கள். அது உண்மையல்ல, பாதிக்கப்பட்டவர்களின் சந்தோஷம் குறைவாகத்தான் இருந்தது. பணம் எந்த மாற்றமும் தராது என்பதும் சரியல்ல. பிற்காலத்தில் ஸ்வீடனில் ஏராளமான லாட்டரி வெற்றியாளர்களிடம் செய்து 2020-ல் வெளியான ஆய்வு, பரிசுப் பணம் வாழ்க்கைத் திருப்தியைப் பல ஆண்டுகளுக்கு உயர்த்தியது என்று காட்டியது. பசிக்கும் வீட்டில் பணம் வந்தால் மாற்றம் வராமல் இருக்குமா?

1978 ஆய்வில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவு. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நல்ல ஜோக், யாரோ சொன்ன பாராட்டு போன்ற அன்றாட விஷயங்கள் எவ்வளவு இனிக்கின்றன என்று கேட்டபோது, லாட்டரி விழுந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மதிப்பெண் கொடுத்தார்கள். பெரிய மகிழ்ச்சி வந்து, சின்ன மகிழ்ச்சிகளின் நிறத்தை மங்கச் செய்துவிட்டது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் இது நமக்கும் தெரிந்த அனுபவம். வெளியூர்ச் சுற்றுலா முடிந்து வந்த வாரம் வீட்டுச் சாப்பாடும் மொட்டை மாடியும் எவ்வளவு சப்பென்று இருக்கின்றன!

பழகிப்போதலை நாம் திட்டவும் கூடாது. துக்க வீட்டில் பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒருவரால் மறுபடி அடுப்பு மூட்ட முடிகிறதென்றால், அதே மனம் இழப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறது என்பதால்தான். நம்மைக் காப்பாற்றுவதும் அதுதான், நம் காபியைச் சுவையற்றதாக்குவதும் அதுதான்.

ரசித்தல்

பழகிப்போதலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு திறன் இருக்கிறது. சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் பிரையன்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்லில் சொன்னால், ரசித்தல். கஷ்டத்தைச் சமாளிக்கத் தெரிவது வேறு, நல்லதை அனுபவிக்கத் தெரிவது வேறு என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. ஒன்று இருந்தால் மற்றொன்று தானாக வந்துவிடாது. எத்தனையோ அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். கடன், நோய், இடமாற்றம் எல்லாவற்றையும் கலங்காமல் சமாளித்தவர்கள். பேத்தி கோலப்போட்டியில் வாங்கிய கிண்ணத்தைக் காட்டினால் "சரி, போய்ப் படி" என்பதோடு முடித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பாசம் குறைவில்லை. அனுபவிக்கும் தசை பயிற்சி இல்லாமல் இருக்கிறது.

ரசிப்பதற்கு மூன்று காலம் உண்டு என்கிறார் பிரையன்ட். வரப்போவதை நினைத்து, வந்திருப்பதில் தங்கி, போனதை அசைபோட்டு. தீபாவளி ஒருநாள்தான். ஆனால் முறுக்கு பிழியும் வாரமும், பீரோவில் மடித்து வைத்த புதுத்துணியை யாருக்கும் தெரியாமல் தொட்டுப் பார்ப்பதும், அடுத்த மாதம் வரை டப்பாவின் அடியில் கிடக்கும் மிக்சர் தூளும் எல்லாம் சேர்ந்ததுதான் தீபாவளி. பெரிய பண்டிகைகளில் இதை நாம் தானாகவே செய்கிறோம். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் செய்வதில்லை.

நிகழ்காலத்தில் தங்குவதுதான் மூன்றிலும் கடினம். 2010-ல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில் 'இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் அவர்களுடைய மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் அவர்கள் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. மனம் இனிமையான விஷயத்துக்கு அலைந்தபோதும், செய்யும் வேலையில் இருந்ததைவிட அதிக மகிழ்ச்சி கிடைத்துவிடவில்லை.

அதற்காகத் தினமும் கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்லவில்லை. பத்து வாய்க் காபியில் முதல் மூன்று வாய் போதும். அந்த மூன்று வாய்க்கு மட்டும் போனைக் கவிழ்த்து வையுங்கள். டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது எழும் நுரை, எவர்சில்வர் விளிம்பின் சூடு, டிகாக்‌ஷனின் கசப்பு முதலில் வந்து இனிப்பு பின்னால் வரும் வரிசை: இவற்றில் ஏதாவது ஒன்றைக் குறிப்பாகக் கவனியுங்கள். 'காபி நன்றாக இருக்கிறது' என்று பொதுவாக நினைப்பதில் பயன் குறைவு. மனம் எதையாவது பிடித்துக்கொள்ள ஒரு நுணுக்கம் தேவை. நான்காவது வாயிலிருந்து வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளலாம், தவறில்லை.

போட்டோ எடுப்பது ரசிப்பைக் கெடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். எடுப்பதாலேயே கெடாது. கவனித்துப் படம் எடுப்பவர்கள் அந்த அனுபவத்தை அதிகம் ரசித்ததாக 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் பிறருக்குக் காட்டுவதற்காகவே எடுக்கும்போது, அதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை உள்ளே வந்து இன்பத்தைக் குறைக்கிறது என்று அதே ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். வாழை இலையில் பரிமாறியதைப் படம் எடுங்கள், பரவாயில்லை. லைக் எண்ணுவதைக் கை கழுவிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி விடுவது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை, ஆனால் மறந்துகொண்டு வருகிறோம்.

ஜோர்டி க்வாட்பாக், எலிசபெத் டன் ஆகியோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் எல்லாரையும் ஒருமுறை சாக்லேட் சாப்பிட வைத்தார்கள். பிறகு ஒரு குழுவுக்கு ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடக்கூடாது என்று சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு நிறையச் சாக்லேட் கொடுத்து முடிந்தவரை சாப்பிடச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி சாப்பிட்டபோது அதிகம் ரசித்தவர்கள், அந்த வாரம் தொடாமல் இருந்தவர்கள்தான்.

புரட்டாசி முழுக்க அசைவம் தொடாமல் இருந்த வீட்டில் ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை கொதிக்கும் மீன் குழம்பை ஒருமுறை மணந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. விரதம் பக்திக்காக இருக்கப்படுகிறது. அதன் நோக்கம் குழம்பின் ருசி அல்ல. ஆனால் நாக்குக்கு அது செய்யும் உதவி உண்மையானது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக வைத்த தடை அது. அது முடிந்து படகுகள் கரை திரும்பும்போது துறைமுகங்களில் கூடும் கூட்டத்தைப் பாருங்கள், எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் இருக்கும்.

நுங்கும் அப்படித்தான். சித்திரை வெயிலில் சாலையோரம் பனை ஓலையை விரித்து, அரிவாளால் சீவி, கட்டை விரலால் நெம்பி எடுத்துத் தருகிறார்களே, அது ஆண்டு முழுக்கக் கிடைத்தால் யாராவது வண்டியை நிறுத்துவோமா? மாம்பழச் சாறு பன்னிரண்டு மாதமும் பாட்டிலில் கிடைக்கிறது, ஆனால் அதற்காக யாரும் காத்திருப்பதில்லை. சேலத்து மல்கோவாவுக்கும் இமாம் பசந்துக்கும் காத்திருக்கிறோம்.

எது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கிறதோ அதற்கு நாமே ஒரு பருவம் வைத்துக்கொள்ளலாம். பிடித்த பாடலைத் தினமும் ஓட விடாமல் ஞாயிறு காலைக்கு ஒதுக்குவது, ஒரே நாளில் முழுத் தொடரையும் பார்க்காமல் நாளைக்கு ஒரு பகுதி மிச்சம் வைப்பது, பிடித்த ஹோட்டலின் ரோஸ்ட்டை மாதச் சம்பள நாளுக்கு என்று வைத்துக்கொள்வது. குழந்தைகளுக்கும் இது பழகட்டும். கேட்டதையெல்லாம் கேட்ட நொடியில் வாங்கித் தருவது அன்புதான், ஆனால் காத்திருப்பின் இனிப்பை அதனால் அவர்கள் இழக்கிறார்கள்.

இல்லாமல் போயிருந்தால்?

எல்லாவற்றையும் இடைவெளி விட்டு அனுபவிக்க முடியாது. தண்ணீரையோ துணையையோ ஒரு வாரம் விட்டுவிட்டு இருக்க முடியாதே. அதற்கு மனதுக்குள்ளேயே கழித்துப் பார்க்கும் வழி இருக்கிறது. 2008-ல் ஓர் ஆய்வில் ஒரு குழுவினரிடம் தங்கள் வாழ்க்கைத்துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதச் சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குத்தான் தங்கள் உறவில் திருப்தி அதிகமாகத் தெரிந்தது. இருப்பதை எண்ணும்போது அது இயல்பானதாகிவிடுகிறது. இல்லாமல் போயிருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் அது கிடைத்ததாகிறது.

சென்னைக்காரர்களுக்கு 2019 கோடையை நினைத்தால் போதும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியது. லாரிக்காக நள்ளிரவில் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்த தெருக்கள் அப்போது நிறைய. இன்று காலை குழாயைத் திறந்ததும் வந்த தண்ணீரைக் கையில் ஏந்தி ஒரு கணம் அந்த வரிசையை நினைத்தால், பல் விலக்குவதுகூட வேறு மாதிரி இருக்கும்.

எழுதுவதும் சொல்வதும்

நன்றிக் குறிப்பேடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலா இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் அது பரவியது. வாரம் ஒருமுறை, நன்றியாக உணர்ந்த ஐந்து விஷயங்கள் வரை எழுதியவர்கள், எரிச்சல்களைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பலன் மிதமானது என்று தெரிகிறது. மந்திரம் அல்ல. ஆனால் ஒரு பேனாவும் பழைய டைரியும் தவிர வேறு செலவில்லாத விஷயத்துக்கு மிதமான பலன் கிடைப்பதே பெரிது.

தினமும் எழுத வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. சோன்யா லுபோமிர்ஸ்கி செய்த ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. பழகிப்போதல் இங்கேயும் வந்துவிடுகிறது. 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று தினமும் எழுதினால் மூன்றாம் நாளே அது வருகைப் பதிவேடு ஆகிவிடும். அதற்குப் பதில் 'மழையில் நனைந்து ஓடி வந்தேன், வாட்ச்மேன் அண்ணன் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஆள், இடம், நடந்தது மூன்றும் இருக்க வேண்டும்.

எழுதியதில் ஒரு மனிதர் இருந்தால், அது நோட்டிலேயே நின்றுவிடக் கூடாது. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் பல பயிற்சிகளை ஒப்பிட்டபோது, உதவி செய்த ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் போய்ப் படித்துக் காட்டியதுதான் உடனடியாக மகிழ்ச்சியை மிக அதிகமாகக் கூட்டியது. ஆனால் கூச்சம் தடுக்கிறது. அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-ல் கண்டது இது: நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகக் கணக்கிடுகிறார்கள். வாங்குபவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதைக் குறைவாகக் கணக்கிடுகிறார்கள்.

நம் வீடுகளில் அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அம்மாவிடம் போய் "நன்றி" என்று சொன்னால் "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்பார். அதனால் சொல்லாமல் இருந்துவிடுகிறோம், அதுதான் வருத்தம். நம் வழியில் சொல்லலாமே. "இன்னிக்கு ரசம் அப்படியே ஆத்தா வைக்கிற மாதிரி இருக்கும்மா, இன்னொரு கரண்டி ஊத்து" என்பது முழுமையான நன்றி. மாமியாரிடம் "அத்தை, நீங்க பிள்ளையைப் பாத்துக்கிட்டதாலதான் நான் நிம்மதியா ஆபீஸ் போனேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பேப்பர் போடும் தம்பியிடம் "மழையிலயும் நனையாம கொண்டுவந்து போட்டியேப்பா" என்றால் போதும். குறிப்பாக எது பிடித்தது என்று சொன்னால் நன்றி என்ற சொல்லே தேவைப்படாது.

இதைச் சொல்லக்கூடாத இடங்கள்

இருப்பதைக் கொண்டு திருப்தியாக இரு என்ற அறிவுரை நம் சமூகத்தில் யாருக்கு அதிகம் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கூலி உயர்வு கேட்டவருக்கு. அடிக்கிற கணவனை விட்டு வர நினைத்த பெண்ணுக்கு. வீட்டு வேலை செய்யும் அக்கா வாரம் ஒருநாள் லீவு கேட்டபோது. நன்றியுணர்வு என்பது நாமாக நம் உள்ளே வளர்த்துக்கொள்வது. அடுத்தவரின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தினால் அது அநியாயம். காபியை ரசிப்பவர் சம்பள உயர்வும் கேட்கலாம், இரண்டுக்கும் முரண்பாடே இல்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு துளியும் இன்பம் தெரியவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எதற்கும் மனம் எழவில்லை என்றால் அது பழகிப்போதல் அல்ல. மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று அது. அப்படி இருப்பவரிடம் "சின்ன விஷயங்களை ரசிக்கக் கத்துக்கோ" என்று சொல்வது அவருடைய பாரத்தைக் கூட்டும். அவருக்கு வேண்டியது மருத்துவர். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படி இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள்.